டீட்டன் மலையிலிருந்து மாடு மேயும் வெளிக்கு: வயோமிங் கூடாரப் பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஜாக்சன் என்ற ஊரிலிருந்து கிளம்பி, கிராண்ட் டீட்டன் மலைகளைப் பார்த்துவிட்டு, டோகட்டி கணவாய் ஏறி இறங்கி, டூபாய்ஸ், லேண்டர், சவுத் பாஸ், ஃபார்சன், பைன்டேல் என்று விண்ட் ரிவர் மலைத்தொடரை ஒரு வட்டம் சுற்றிக்கொண்டு மறுபடி ஜாக்சனுக்கே வந்து சேரலாம். சால்ட் லேக் சிட்டியிலிருந்து நானும் வீட்டுக்காரியும் இரண்டு பிள்ளைகளும் கூடாரத்தோடு இந்த வட்டத்தை மூன்று முறை போய்வந்திருக்கிறோம். ஒவ்வொரு முறை திரும்பி வந்ததும் நண்பர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், அதனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதிவிடுகிறேன்.

மொத்தம் எவ்வளவு தூரம்? எத்தனை நாள் வேண்டும்?

வட்டம் முழுக்க ஏறத்தாழ 600 கிலோமீட்டர். நிற்காமல் ஓட்டினால் ஏழெட்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், அதுதான் ஆபத்து. எல்லோரும் என்ன செய்கிறார்கள் என்றால், டீட்டனில் நாலு இரவு தங்கிவிட்டு மீதிப் பாதையை ஒரே மூச்சில், சில சமயம் ராத்திரியிலேயே, கடந்துவிடுகிறார்கள். முதல் முறை நாங்களும் அப்படித்தான் செய்தோம். லேண்டரிலிருந்து பைன்டேல் வரைக்கும் இருட்டில் ஓட்டினேன், பிள்ளைகள் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருடம் அதே சாலையைப் பகலில் பார்த்தபோதுதான் எதைத் தவறவிட்டோம் என்று புரிந்தது.

ஆறு இரவு வைத்துக்கொள்ளுங்கள். டீட்டனில் இரண்டு, டூபாய்ஸ் பக்கம் ஒன்று, லேண்டர் பக்கம் ஒன்று, பைன்டேலுக்கு வடக்கே கிரீன் ஆற்றங்கரையில் இரண்டு. நாள் குறைந்தால் டீட்டனில் ஒரு இரவைக் குறையுங்கள், கிரீன் ஆற்றில் கை வைக்காதீர்கள்.

மலையைப் பார்த்தாகிவிட்டது, அப்புறம் அந்த வெட்டவெளியில் என்னதான் இருக்கிறது?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். வரைபடத்தில் பார்த்தால் மலை ஒரு பக்கம், மேய்ச்சல் வெளி ஒரு பக்கம், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனால் மலையில் குளிர்காலம் முழுக்க விழுந்த பனி மே, ஜூனில் உருகி ஆறாக இறங்குகிறது, அந்த ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டித்தான் கீழே ராஞ்ச், அதாவது பெரிய மாட்டுப்பண்ணை, வைத்திருப்பவர்கள் புல்வெளிக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள், அந்தப் புல்லை அறுத்துக் காயவைத்துக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்துத்தான் நீண்ட பனிக்காலத்தில் மாடுகளைக் காப்பாற்றுகிறார்கள். கோடை வந்ததும் அதே மாடுகளை மலைக்கு ஓட்டிக்கொண்டு போகிறார்கள். மலை இல்லாமல் அந்த ராஞ்ச் ஒரு வருடம் கூடத் தாங்காது.

மாடு மட்டுமில்லை. டீட்டன் பூங்காவில் கோடையில் மேயும் ப்ராங்ஹார்ன் மான்களில் ஒரு கூட்டம் இலையுதிர் காலத்தில் குரோ வாண்ட் மலைகளைத் தாண்டி, கிரீன் ஆற்று வெளிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் நடந்து வந்து சேர்கிறது, வசந்தத்தில் அதே வழியில் திரும்பிப் போகிறது. 2008இல் வனத்துறை அந்த வழியில் தன் எல்லைக்குள் இருக்கும் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வலசைப் பாதையாக அறிவித்தது. அமெரிக்க மத்திய அரசு அப்படி அறிவித்த முதல் பாதை அதுதான். ஆக நீங்கள் காரில் போகிற இந்தப் பயணத்தைத் தண்ணீரும் மாடும் மானும் வருடா வருடம் போய்வந்துகொண்டிருக்கின்றன. அதைப் பார்க்க வேண்டுமென்றால் கீழேயும் தங்கியாக வேண்டும்.

எந்த மாதம் போகலாம்?

ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவரை. ஜூலையில் காட்டுப்பூ பிரமாதமாக இருக்கும், கொசுவும் அதே அளவுக்கு இருக்கும், முக்கியமாக ஏரிக்கரைகளில். ஆகஸ்டில் கொசு குறையும், ஆனால் எங்காவது காட்டுத்தீ எரிந்தால் புகை வந்து மலையையே மறைத்துவிடும். எனக்குப் பிடித்தது செப்டம்பர் முதல் இரண்டு வாரம். கூட்டம் குறைவு, எல்க் என்ற பெரிய மான்களில் ஆண்கள் விடியற்காலையில் ஊதுகிற மாதிரிக் கத்தும் சத்தம் கேட்கும், ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கியிருக்கும். குளிருக்குத் தயாராகப் போங்கள். பைன்டேல் 2,190 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஜூலையில் கூட விடியற்காலையில் 5 டிகிரிக்குக் கீழே இறங்கும். செப்டம்பரில் தண்ணீர் பாட்டில் உறைந்துபோய்க் கிடப்பது சாதாரணம்.

மலைப்பக்கம் கூடாரம் எங்கே போடுவது? முன்பதிவு தேவையா?

டீட்டன் பூங்காவுக்குள் கட்டாயம் முன்பதிவு வேண்டும். ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் ஆறு மாதம் முன்னாலேயே திறக்கிறார்கள், ஜென்னி லேக் இடங்கள் உடனே தீர்ந்துவிடும். ஜென்னி லேக்கில் கூடாரத்துக்கு மட்டும்தான் அனுமதி, பெரிய வண்டிகளின் ஜெனரேட்டர் சத்தம் இருக்காது. அது கிடைக்காவிட்டால் சிக்னல் மவுண்டன், கோல்ட்டர் பே, குரோ வாண்ட் மூன்றில் ஒன்று. இவற்றில் குரோ வாண்டில் இடம் நிறைய, மூஸ் மான்கள் ஆற்றங்கரைக்கு வரும், மலை சற்றுத் தள்ளித் தெரியும், எங்களுக்கு அதுவே பிடித்துப்போய்விட்டது. எழுத்தைப் பார்த்து "க்ராஸ் வென்ட்ரி" என்று கேட்டால் அங்கே யாருக்கும் புரியாது, குரோ வாண்ட் என்றுதான் சொல்ல வேண்டும்.

கரடி வருமா?

வரும் என்று வைத்துக்கொண்டே நடந்துகொள்ளுங்கள். டீட்டனிலும் டோகட்டி கணவாய்ப் பக்கத்திலும் கிரீன் ஆற்றின் மேல்பகுதியிலும் கருங்கரடி, கிரிஸ்லி இரண்டுமே உண்டு. கரடி ஸ்பிரே, பாய்ந்து வரும் கரடியை நோக்கி அடிக்கிற மிளகாய்க் காரக் குப்பி, ஆளுக்கு ஒன்று, இடுப்பில், எடுத்தவுடன் அடிக்கிற மாதிரி. பைக்குள் போட்டு மூடி வைத்தால் பிரயோஜனமில்லை. விமானத்தில் கொண்டுபோக முடியாது, பெட்டியில் வைத்தும் அனுப்ப முடியாது, அதனால் ஜாக்சனில் இறங்கி வாங்குங்கள், வாடகைக்கும் கிடைக்கும்.

நம் வீட்டுச் சமையலுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கரடிக்கு மூக்குதான் எல்லாம். சாம்பார் பொடி, பெருங்காயம், நெய், ஊறுகாய், எண்ணெய் தெறித்த துண்டு, பற்பசை, தேங்காய் எண்ணெய், குழந்தையின் பிஸ்கட் எதுவும் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது. எல்லாம் கேம்ப்கிரவுண்டில் இருக்கும் இரும்புப் பெட்டிக்குள், பெட்டி இல்லாத இடத்தில் கண்ணாடியை ஏற்றி மூடிய காருக்குள். தாளித்தபோது போட்டிருந்த சட்டையை மாற்றிவிட்டுத்தான் நாங்கள் தூங்கப் போவோம். பூங்காவில் கரடி, ஓநாயிடமிருந்து 91 மீட்டர், மற்ற விலங்குகளிடமிருந்து 23 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. படம் எடுப்பதற்காக அதை மீறுகிறவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன், மனசு பதறுகிறது. ஆளுக்குப் பழகிப்போன கரடியைக் கடைசியில் கொல்ல வேண்டி வந்துவிடுகிறது.

டோகட்டி கணவாய் ஓட்டுவதற்குக் கஷ்டமா?

இல்லை. நல்ல அகலமான தார்ச்சாலை, 2,944 மீட்டர் வரை ஏறுகிறது. ஏறும்போது பின்னால் திரும்பிப் பாருங்கள், டீட்டன் முழுவதும் தெரியும். உச்சியில் கண்டத்தின் நீர்ப்பிரிமேடு. மேற்கே விழும் மழை ஸ்னேக் ஆறு வழியாகக் கொலம்பியா ஆற்றுக்குப் போய் பசிபிக் கடலில் சேர்கிறது, கிழக்கே விழுவது விண்ட் ஆறு, மிசௌரி, மிசிசிப்பி என்று போய் மெக்சிகோ வளைகுடாவில். கடைசி நாளில் பைன்டேலிலிருந்து ஜாக்சன் திரும்பும்போது தி ரிம் என்று ஒரு மேடு வரும், அதன் தெற்கே விழும் மழை கிரீன் ஆறு வழியாகக் கொலராடோ ஆற்றுக்குப் போகிறது. ஒரு மலைத்தொடரைச் சுற்றி வருவதற்குள் மூன்று பெரிய நதிகளின் தலைப்பக்கத்தைத் தொட்டுவிடுகிறோம். என் மகள் மூன்று பக்கத்துத் தண்ணீரையும் சின்னச் சின்னக் குப்பிகளில் பிடித்து வைத்திருக்கிறாள்.

கணவாயின் கிழக்குச் சரிவு ஷோஷோனி தேசிய வனம், 1891இல் ஏற்பட்டது, அமெரிக்காவிலேயே முதலாவது. அங்கிருந்து இறங்க இறங்கப் பைன் மரம் குறைந்து, டூபாய்ஸ் வரும்போது சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட மண்குன்றுகளும் சேஜ் புதரும் வந்துவிடும். நிலம் மாறுவதைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல ஒரு மணி நேரச் சாலை எனக்குத் தெரியாது, தயவுசெய்து பகலில் ஓட்டுங்கள்.

வெட்டவெளியில் எங்கே வேண்டுமானாலும் கூடாரம் போடலாமா?

கூடாது. ஆனால் பல இடங்களில் காசில்லாமல் போடலாம், அதற்கு நிலம் யாருடையது என்று தெரிந்திருக்க வேண்டும். வயோமிங்கில் கிட்டத்தட்டப் பாதி நிலம் மத்திய அரசுடையது, மீதி தனியாருடையது, மாநிலத்துடையது, பழங்குடி மக்களுடையது. இதெல்லாம் கலந்து கிடக்கிறது, வேலி இருப்பதை வைத்தோ இல்லாததை வைத்தோ எதையும் முடிவு செய்ய முடியாது. அரசு நிலத்துக்குள்ளும் மேய்ச்சலுக்காக வேலி போட்டிருப்பார்கள், தனியார் நிலம் வேலியே இல்லாமலும் கிடக்கும்.

நில மேலாண்மைத் துறை, அங்கே எல்லோரும் பிஎல்எம் என்றுதான் சொல்வார்கள், வெளியிடும் வரைபடத்தில் மஞ்சள் நிறம் அவர்கள் நிலம், பச்சை தேசிய வனம், நீலம் மாநில நிலம், வெள்ளை தனியார். மஞ்சளில் பொதுவாக 14 நாள் வரை ஒரே இடத்தில் தங்கலாம். பச்சையிலும் பெரும்பாலும் தங்கலாம், நாள் கணக்கு இடத்துக்கு இடம் மாறும், ஜாக்சனைச் சுற்றி ரொம்பக் குறைவு, அந்தந்த வன அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நீலத்தில் பலர் தெரியாமல் தவறு செய்கிறார்கள். வயோமிங் மாநில நிலத்தில் நடக்கலாம், இரவு தங்கக் கூடாது, தீ மூட்டவும் கூடாது. வெள்ளை என்றால் நிலத்துக்காரரைக் கேட்காமல் காலே வைக்காதீர்கள். போனில் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அங்கே போனபின் இறக்க சிக்னல் இருக்காது.

டூபாய்ஸ் தாண்டி லேண்டர் வரைக்கும் சாலையின் பெரும்பகுதி விண்ட் ரிவர் ரிசர்வேஷன் என்ற பழங்குடி மக்களின் நிலம் வழியாகப் போகிறது. 1868 ஒப்பந்தப்படி கிழக்கு ஷோஷோனி மக்களுக்கானது, பிறகு வடக்கு அராப்பஹோ மக்களும் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். அது அவர்கள் நாடு. நெடுஞ்சாலையில் போகலாம், கடையில் வாங்கலாம், ஆனால் மீன் பிடிக்கவோ உள்ளே போய்த் தங்கவோ அவர்களுடைய அனுமதிச் சீட்டு வேண்டும். ஃபோர்ட் வாஷகீயில் 1900இல் இறந்த ஷோஷோனி தலைவர் வாஷகீயின் கல்லறை இருக்கிறது, நாங்கள் போனால் சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் வருவோம்.

வழியில் கேட் இருந்தால் திறக்கலாமா?

பொதுச் சாலையில் இருந்தால் திறந்து போகலாம். மூடியிருந்ததா, கடந்ததும் மூடுங்கள். திறந்திருந்ததா, திறந்தபடியே விடுங்கள். நல்லது செய்வதாக நினைத்துத் திறந்த கேட்டை மூடினால் மாடுகள் தண்ணீருக்குப் போக முடியாமல் நிற்கும். சில இடங்களில் கேட்டுக்குப் பதில் சாலைக்குக் குறுக்கே பள்ளம் தோண்டி மேலே இரும்புக் குழாய்களை இடைவெளி விட்டுப் பதித்திருப்பார்கள், மாடு கால் வைக்கப் பயந்து நின்றுவிடும், கார் தடதடவென்று போய்விடும். முள்கம்பி கேட் என்று ஒன்று உண்டு, கம்பும் கம்பியும் மட்டும், கம்பி வளையத்தில் மாட்டி இழுத்து வைத்திருப்பார்கள். அதைத் திரும்ப மாட்டத் தோள்பலம் வேண்டும், தோளால் கம்பை அணைத்துத் தள்ளிக்கொண்டே மேல்வளையத்தைப் போடுங்கள்.

வேலிகளைக் கவனித்துப் பாருங்கள். சிலவற்றில் அடிக்கம்பி மட்டும் முள் இல்லாமல், தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் போல உயர்த்திக் கட்டியிருக்கும். அது ப்ராங்ஹார்ன் மானுக்காக. மணிக்கு 90 கிலோமீட்டர் போல ஓடக்கூடிய விலங்கு அது, வட அமெரிக்காவில் அதைவிட வேகமாக ஓடுவது எதுவும் இல்லை, ஆனால் வேலியைத் தாண்டிக் குதிக்காது, அடியில் நுழைந்துதான் போகும். பழைய வேலிகளில் முதுகு முடி பிய்ந்து கம்பியில் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். ராஞ்ச்காரர்கள் பலர் அடிக்கம்பியை மாற்றிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், அந்த வேலிகளைப் பார்த்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

ராத்திரி ஓட்டலாமா?

வேண்டாம். வயோமிங்கில் மனிதர்களைவிட மாடுகள் இரண்டு மடங்குக்கு மேல். அதில் பெரும்பகுதி ஆங்கஸ் என்ற கறுப்பு இன மாடுகள், வேலியில்லாத இடங்களில் தார்ச்சாலையின் சூட்டுக்காக அதன்மேலேயே வந்து நிற்கும், வெளிச்சத்தில் கண் மின்னுவதற்கு முன்பே மோதிவிடுவீர்கள். மான்களும் அப்படியே, அந்தி நேரத்தில் அதிகம். ஐந்து மணிக்கே எங்காவது நிறுத்திக் கூடாரம் போட்டுவிடுங்கள்.

காற்று ரொம்ப அடிக்குமாமே?

ஆமாம். மலையில் மரங்களுக்கு நடுவே கூடாரம் போட்டுப் பழகியவர்களுக்கு வெட்டவெளியில் முதல் இரவு பெரிய அதிர்ச்சி. இரண்டாவது முறை சவுத் பாஸ் பக்கம், பார்க்க அழகாக இருக்கிறது என்று ஒரு மேட்டின் மேல் போட்டோம். மாலை நாலு மணிக்குக் காற்று எழுந்தது, ஆறு மணிக்கு நடுக்கம்பு இரண்டாக முறிந்து துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது, அன்று இரவு நாலு பேரும் காரில் உட்கார்ந்தபடி தூங்கினோம். அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். மேட்டில் போடாதீர்கள், ஒரு சின்னச் சரிவின் கிழக்குப் பக்கமாகப் போடுங்கள், அங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் வரும். கூடாரத்தின் குறுகிய பக்கம் காற்றைப் பார்க்கட்டும். காரை மேற்கே நிறுத்தி மறைப்பாக வைத்துக்கொள்ளலாம். உயரமான குடும்பக் கூடாரத்தை வீட்டில் வைத்துவிட்டுத் தாழ்வான இரண்டு சின்னதை எடுத்துக்கொண்டு போங்கள். மெல்லிய அலுமினிய முளை அந்த மண்ணில் நிற்காது, ஒரு அடி நீள இரும்பு முளை வேண்டும்.

பிற்பகலில் இடி மின்னல் வந்தால் எந்த யோசனையும் இல்லாமல் காருக்குள் போய்விடுங்கள். சுற்றுவட்டாரத்தில் உயரமாக நிற்பது நீங்கள் மட்டும்தான். மழை நின்றதும் கதவைத் திறங்கள், நனைந்த சேஜ் புதரின் வாசனை வரும். வீட்டுக்கு வந்து ஆறு மாதம் கழித்தும் என் மனைவி அந்த வாசனையைப் பற்றிப் பேசுவாள்.

ஓடைக்கரையிலேயே போடலாமே, தண்ணீர் பக்கத்தில் இருக்குமே?

60 மீட்டராவது தள்ளிப் போடுங்கள். அந்த வறண்ட வெளியில் பல கிலோமீட்டருக்கு அந்த ஒரு தண்ணீர்தான் இருக்கும், மாடும் மானும் இரவில் குடிக்க வரும், நீங்கள் அங்கே படுத்திருந்தால் அவை தாகத்தோடு தூரத்தில் நின்றுகொண்டிருக்கும். மாட்டுத் தொட்டிக்கும் இதே கணக்கு. குடிக்க எடுக்கும் தண்ணீரை வடிகட்டியோ கொதிக்கவைத்தோதான் குடிக்க வேண்டும், எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மேலே மாடு மேய்கிறது என்பதை மறக்காதீர்கள்.

சோறு, பருப்பு வேகுமா?

சோறு வேகும், துவரம்பருப்பு குக்கர் இல்லாமல் வேகாது. 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, அந்தச் சூட்டில் பருப்பு ஒன்றரை மணி நேரம் ஆனாலும் நறுக் நறுக்கென்று இருக்கும், கேஸும் தீர்ந்துபோகும். மூன்று லிட்டர் குக்கர் ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள், வீட்டில் வைக்கிறதைவிட இரண்டு மூன்று விசில் கூட விடுங்கள். குக்கர் தூக்க முடியாதென்றால் மைசூர்ப் பருப்பு அல்லது பாசிப்பருப்பு, முந்தின நாள் ஊறவைத்தது. காலையில் ரவை உப்புமா, ரவையை வீட்டிலேயே வறுத்துத் தாளிப்பையும் கலந்து டப்பாவில் கொண்டுபோய்விட்டால் கொதிநீர் ஊற்றினால் போதும், தாளிக்கிற வாசனையும் கரடி ஊரில் எழாது. முதல் இரண்டு நாளுக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் எங்களுக்குச் சரியாக வரும். காய்கறி, பால், தயிர் ஜாக்சனிலும் லேண்டரிலும் பைன்டேலிலும் கிடைக்கும், நம் மளிகைச் சாமான் எங்கேயும் கிடைக்காது.

விறகு மூட்டிச் சமைக்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள், கோடையில் அடிக்கடி தீத்தடை போட்டுவிடுவார்கள். மூட்டினாலும், சாம்பலைக் கிளறித் தண்ணீர் ஊற்றி, உள்ளே கை வைத்துப் பார்த்துச் சூடு துளியும் இல்லை என்ற பிறகுதான் நகர வேண்டும்.

லேண்டரில் பார்க்க என்ன இருக்கிறது?

சிங்க்ஸ் கேனியன் மாநிலப் பூங்கா. போப்போஜா என்ற ஆறு மலையிலிருந்து இரைச்சலோடு இறங்கி வந்து ஒரு சுண்ணாம்புப் பாறைக் குகைக்குள் நுழைந்து மறைந்துவிடுகிறது. 400 மீட்டர் கீழே ஒரு அமைதியான குளத்தில் மறுபடி மேலே வருகிறது. சாயம் கலந்து சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், அந்தச் சின்னத் தூரத்தைக் கடக்கத் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் போல ஆகிறது, உள்ளே போனதைவிட அதிகமாக வெளியே வருகிறது. குளத்தில் முழங்கை நீளத்துக்கு டிரவுட் மீன்கள், பிடிக்கக் கூடாது, இரை போடலாம். பூங்காவிலேயே கூடாரம் போடலாம், ஆற்றுச் சத்தத்தோடு தூங்கலாம்.

சவுத் பாஸ் என்கிறார்களே, அங்கே கணவாயே தெரியவில்லையே?

அதுதான் அதன் சிறப்பு. 2,259 மீட்டர் உயரத்தில், ராக்கி மலைகளுக்கு நடுவே மாட்டுவண்டி ஏறிக் கடக்கக்கூடிய அளவுக்குச் சமதளமாக ஒரு அகலமான இடைவெளி. 1840களிலிருந்து ஆரிகன், கலிபோர்னியா, யூட்டா நோக்கிப் போன லட்சக்கணக்கான பேர் இந்த வழியாகத்தான் போனார்கள். பலருக்கு எப்போது கடந்தோம் என்றே தெரிந்திருக்காது. வண்டிச்சக்கரத் தடம் இன்னும் சேஜ் புதருக்கு நடுவே தெரிகிறது. பக்கத்தில் சவுத் பாஸ் சிட்டி, 1867இல் தங்கம் கிடைத்து எழுந்த ஊர், இப்போது பாதுகாக்கப்பட்ட பழைய ஊராக நிற்கிறது. 1869இல் வயோமிங் பிரதேசம் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தபோது அந்த மசோதாவைக் கொண்டுவந்த வில்லியம் பிரைட் இந்த ஊர்க்காரர். அடுத்த வருடமே எஸ்தர் ஹோபார்ட் மோரிஸ் இங்கே நீதிபதி பொறுப்பேற்றார், அமெரிக்காவில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண்மணி. என் மகளை அங்கே கூட்டிப்போய்க் காட்டியதில் எனக்கு ரொம்பத் திருப்தி.

பெட்ரோல், போன் சிக்னல்?

லேண்டரில் டேங்க் நிரப்புங்கள். அங்கிருந்து ஃபார்சன் 120 கிலோமீட்டர் போல, நடுவில் எதையும் நம்ப வேண்டாம். சிக்னல் ஊர்களில் மட்டும். புதிய ஐபோன்களில் செயற்கைக்கோள் வழியாக அவசர உதவி கேட்கலாம், எப்படி என்று வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு நாளுக்கு நாலு லிட்டர் தண்ணீர் காரில் இருக்கட்டும்.

நாலு சக்கர இழுவைக் கார் கட்டாயமா?

மேலே சொன்ன வட்டம் முழுக்கத் தார்ச்சாலை, சாதாரணக் கார் போதும். பக்கவாட்டில் பிரியும் மண்சாலைகளில் காய்ந்திருக்கும்போது மெதுவாகப் போகலாம். மழை பெய்தால் அந்தக் களிமண் சோப்பு மாதிரி ஆகிவிடும், டயரில் அப்பிக்கொண்டு சுற்றவே விடாது, காயும்வரை இருந்த இடத்திலேயே இருங்கள். உபரி டயரில் காற்று இருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். ஒரு முறை வாடகைக் காரில் போனபோது ஃபார்சன் பக்கம் சரளைக்கல்லில் டயர் வெடித்தது, டிக்கியைத் திறந்தால் உபரி டயரே வைக்கவில்லை. அந்த வழியாக வந்த ஒரு பிக்கப் வண்டிக்காரர் எங்களை இழுத்துக்கொண்டு ஊருக்குக் கொண்டுபோய் விட்டார், காசு நீட்டியும் வாங்கவில்லை.

ராஞ்ச்காரர்களிடம் பேசலாமா?

தாராளமாக. எதிரே வருகிற வண்டிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்குவார், நீங்களும் தூக்குங்கள். மழையைப் பற்றிக் கேளுங்கள், புல் அறுவடை எப்படி என்று கேளுங்கள், நேரம் போவதே தெரியாமல் பேசுவார்கள். எத்தனை மாடு இருக்கிறது, எத்தனை ஏக்கர் என்று மட்டும் கேட்காதீர்கள், பேங்கில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிற மாதிரி. சாலையில் மாட்டுமந்தை வந்தால் நிறுத்திவிட்டுக் காத்திருங்கள், குதிரையில் இருப்பவர் கையைக் காட்டினால் ஊர்ந்து போங்கள், ஹார்ன் அடிக்காதீர்கள்.

ஆட்டு மந்தை பார்த்தால் எட்டவே நில்லுங்கள். நடுவில் ஆட்டைப் போலவே வெள்ளையாக நிற்கும் பெரிய நாய்கள் காவலுக்கு இருப்பவை, ஓநாயையே எதிர்க்கும். கூப்பிடாதீர்கள், தின்ன எதுவும் போடாதீர்கள். அந்த மந்தைகளை மேய்ப்பவர்கள் பெரும்பாலும் பெரு நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், மாதக்கணக்கில் ஒரு சின்ன வண்டிவீட்டில் தனியாக இருப்பார்கள். ஸ்பானிஷில் ஒரு வணக்கம் சொன்னால் முகம் மலர்ந்துவிடும்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், கூட்டிப்போகலாமா?

போகலாம். உயரம்தான் விஷயம், இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். முதல் இரண்டு நாள் ஜாக்சனில் ஓய்வாக இருக்கட்டும். என் மாமியார் வந்தபோது டூபாய்ஸிலும் பைன்டேலிலும் அவருக்கும் மாமாவுக்கும் மோட்டல் அறை எடுத்துக் கொடுத்துவிட்டு நாங்கள் கூடாரத்தில் இருந்தோம், காலையில் அவர்களை அழைத்துவந்து சேர்ந்து காபி குடித்தோம். வெளியின் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு அத்தை சொன்னார், இவ்வளவு மேய்ச்சல் நிலத்தை ஒரே பார்வையில் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று.

ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் எங்கே வைத்துக்கொள்வது?

கிரீன் ஆற்றின் மேல்பகுதியில். பைன்டேலிலிருந்து ஜாக்சன் போகும் சாலையில் 10 கிலோமீட்டர் போனதும் டிராப்பர்ஸ் பாயின்ட். அங்கே நிலம் இரண்டு ஆறுகளுக்கு நடுவே குறுகி ஒரு கழுத்து மாதிரி இருக்கிறது, மான்கள் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். 6,000 வருடம் பழைய ப்ராங்ஹார்ன் எலும்புகளை அங்கேயே தோண்டி எடுத்திருக்கிறார்கள், அப்போதும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தன. 2012இல் நெடுஞ்சாலைக்கு மேலே அவற்றுக்கென்றே ஒரு பாலம் கட்டினார்கள், மண் போட்டுப் புல் வளர்த்திருக்கிறார்கள்.

அங்கிருந்து வடக்கே கோரா வழியாகப் பிரியும் சாலை முதலில் தாராகவும் பிறகு சரளையாகவும் கிரீன் ரிவர் ஏரிகள் வரை போகிறது. கடைசியில் வனத்துறைக் கேம்ப்கிரவுண்ட், ஏரிக்கு அந்தப் பக்கம் உச்சி தட்டையான ஸ்கொயர் டாப் மலை. இந்தச் சாலையை ஒட்டியே கிரீன் ரிவர் டிரிஃப்ட் என்ற மாட்டுப்பாதை போகிறது. 1890களிலிருந்து இந்தப் பள்ளத்தாக்கு ராஞ்ச்காரர்கள் சேர்ந்து ஜூனில் மாடுகளை அந்த வழியாக மலைக்கு ஓட்டுகிறார்கள், கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். 2013இல் அந்தப் பாதையை அமெரிக்காவின் வரலாற்று இடங்களுக்கான தேசியப் பட்டியலில் சேர்த்தார்கள். அக்டோபரில் குளிர் தொடங்கியதும் மாடுகள் யாரும் ஓட்டாமலே தானாகக் கீழே இறங்க ஆரம்பித்துவிடும், டிரிஃப்ட் என்றால் தானாக மெல்ல நகர்ந்து போவது, அதனால்தான் அந்தப் பெயர். கீழே வந்ததும் சூட்டுக்குறி பார்த்து யாருடையது எது என்று பிரித்துக் கூட்டிப்போகிறார்கள். நாங்கள் மூன்றாவது முறை வேண்டுமென்றே அக்டோபர் நடுவில் போனோம், ஒரு காலையில் கூடாரத்தைத் திறந்தபோது பனிமூட்டத்துக்குள் வேலி ஓரமாக ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. பிள்ளைகள் போர்வையோடு வெளியே உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தார்கள், 300 தாண்டியதும் விட்டுவிட்டார்கள். அந்த மாதத்தில் போவதென்றால் மைனஸ் 10 டிகிரி தாங்கும் தூக்கப்பையும் பனிக்கான டயரும் வேண்டும், கேம்ப்கிரவுண்ட் தண்ணீர்க் குழாயை மூடியிருப்பார்கள், குடிதண்ணீரைப் பைன்டேலிலேயே பிடித்துக்கொண்டு போய்விடுங்கள்.